சமையலறை வரை கேட்கும் கீபோர்டு

எங்கள் வீட்டில் யார் வாயாடி என்று கேட்டால் தெருவே அப்பாவைத்தான் காட்டும். அம்மா பதில் மட்டும்தான் சொல்லுவாள். ஆனால் ஒரு பதிலையும் பாக்கி வைக்கமாட்டாள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னறை, அதன் பின்னால் ஓர் அறை, அதன் பின்னால் இன்னொன்று, கடைசியில் சமையலறை. அப்பாவின் நாற்காலி முன்னறை ஜன்னலோரம். அம்மாவின் ராஜ்ஜியம் கடைசியில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அத்தனை வாசலையும் தாண்டிக் கத்தியே குடித்தனம் நடத்தினார்கள்.

"ஏய், தண்ணி வந்துச்சா?"

"வந்து போயும் போச்சு!"

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். நீங்க நியூஸ் கேட்டுனு இருந்தீங்க!"

"நியூஸ் கேட்டா காது செவிடா?"

"அத நீங்கதான் சொல்லணும்!"

இப்படியே காலை காபியில் ஆரம்பித்து ராத்திரி கதவைத் தாழ்போடும் வரை போகும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் பயந்து போவார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் பாடம் படித்தேன், பரீட்சை எழுதினேன், ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலையும் வாங்கினேன். அடுத்தவர் எழுதும் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. 'உனக்குன்னே செஞ்ச வேலைடீ' என்றாள் அம்மா.

அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். இங்கிலீஷ், கன்னடம் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே பெங்களூர் வந்துவிட்ட குடும்பம் என்பதால் எங்களுக்கெல்லாம் பேச்சு தமிழ், படிப்பு கன்னடம். தமிழ் எழுத்தை நான் பின்னாளில் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன். அம்மா அந்த வம்புக்கே போகவில்லை. கன்னடப் பத்திரிகை வாசிப்பாள், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள், தமிழில் சண்டை போடுவாள்.

ரிட்டயர் ஆகிக் கொஞ்ச காலத்தில் அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. மிளகுக் கஷாயம் குடித்தார். கட்டு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது வெறும் தொண்டைக்கட்டு இல்லை என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தில் மூச்சுவிட ஒரு துளை, அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி, அதற்குமேல் அப்பாவின் முகம். அந்த முகத்தில் ஒன்றும் மாறவில்லை, சத்தம் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டார்ச் லைட் அளவுக்கு ஒரு கருவியைக் காட்டினார்கள். கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் அது பேசும். அப்பா ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். மாவு மிஷின் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது. பக்கத்துப் பெட்டில் இருந்தவரின் குழந்தை வீரிட்டு அழுதது. அப்பா அதை மெதுவாக மேஜைமேல் வைத்தார். அப்புறம் யார் சொல்லியும் அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அப்பாவின் கையெழுத்து இருக்கிறதே, அது ஆண்டவனுக்கே அடுக்காது. ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதை அழகாக அடித்துக் கொடுத்த மனிதருக்குத் தன் கையால் ஒரு வரி நேராக எழுத வராது. அம்மா ஈரக் கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடி, சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'என்ன இது, கோழி கீறினாப்ல' என்பதற்குள் அவருக்குச் சொல்ல வந்த விஷயமே சலித்துப்போகும். அழித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அப்புறம் அம்மா ஒரு பித்தளை மணி வாங்கி வந்தாள். வேண்டுமானால் ஆட்டுங்கள், ஓடி வருகிறேன் என்றாள். அப்பா அன்றைக்கு மட்டும் சிலேட்டில் கன்னட எழுத்தில் தெளிவாக எழுதினார்: 'நான் என்ன மாடா?'

அதோடு சரி. வீட்டில் பேச்சே நின்றுபோனது. அப்பா கேட்டால்தானே அம்மா பதில் சொல்ல? குக்கர் விசில் அடிக்கும், தெருவில் கொத்தமல்லிக்காரன் கூவுவான், அவ்வளவுதான் சத்தம். ஒரு நாள் நான் ஆபீஸ் விட்டு வந்தபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். 'என்னம்மா?' என்று கேட்டதும் அழுதுவிட்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னோட ஒரு நாள் விடாம சண்டை போட்ட மனுஷன்டீ. இப்ப யாரோ விருந்தாளி வந்து முன் ரூம்ல உக்காந்துனு இருக்காப்ல இருக்கு. போடுறதச் சாப்புடறாரு. ஒண்ணும் சொல்ல மாட்றாரு. உப்பு போடாம குடுத்துப் பாத்தேன். அப்பவும் சொல்லல."

உப்பில்லாத குழம்பை அப்பா பேசாமல் சாப்பிட்டார் என்றால் நிலைமை நான் நினைத்ததைவிட மோசம். எப்படியாவது அவரைப் பேச வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் பிழைக்க வைத்துக் கூட்டி வந்ததற்கே அர்த்தமில்லை என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றேன். 'டைப்ரைட்டர் போதுமே' என்றாள் அம்மா. டைப்ரைட்டர் வேண்டாம் என்று அப்பா வேகமாகத் தலையை ஆட்டினார். அவர் ரிட்டயர் ஆகப்போகும் சமயத்தில்தான் அவருடைய செக்‌ஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சின்னவர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள். போகப்போகிற ஆளுக்கு எதற்கு என்று இவரை விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் அவருக்கு உள்ளே இருந்திருக்கிறது.

தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம் அது. வீட்டுக்கு வந்து பாகம் பாகமாகப் பொருத்திக் கொடுக்கிற ஒருவரிடம் சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, முன்னறையில் வைத்தேன். அப்பா குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதுகு நேராக, முழங்கை உடம்போடு, விரல்கள் வளைந்து. இன்ஸ்டிட்யூட்டில் எப்படி உட்கார வைத்தார்களோ அப்படியே. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். முதல் வரி என்ன என்று நானும் அம்மாவும் பின்னால் நின்று பார்த்தோம்.

அம்மா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்: "அறி... அறிவி... அறிவிருக்கா உனக்கு? உப்பு... உப்பு இல்லாம... ஒரு வாரமா... குழம்பு வெக்கற."

படித்து முடித்தபிறகுதான் அது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைத்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவின் தோள் குலுங்கியது. அம்மா, "அப்ப தெரிஞ்சுதான் தின்னீங்களா? தெரிஞ்சே தின்னீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள். போகிற வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனாள். எனக்குப் பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு வாரம்கூட அது நிலைக்கவில்லை.

கம்ப்யூட்டரோடு வந்த கீபோர்டு அடியில் ரப்பர் தாள் வைத்தது. அடித்தால் சதக் என்று அமுங்கும், சத்தம் இருக்காது. அப்பா டைப்ரைட்டரில் அடிக்கிற வேகத்தில் அதைக் குத்துவார். எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியாததால் நிமிர்ந்து திரையைப் பார்ப்பார். பார்த்து அடிப்பது அவருக்கு அவமானம். அதைவிடப் பெரிய கஷ்டம், அவர் பேசினார் என்பதே சமையலறைக்குத் தெரியாது. அவர் ஏதோ கேட்டு அடித்துவிட்டு அந்த வாசல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா அரைமணி கழித்து முன்னறை பெருக்க வரும்போது படித்துவிட்டு, 'எப்பக் கேட்டீங்க இத?' என்பாள். அதற்குள் எந்தச் சண்டைதான் சூடாக இருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பதைக் குறைத்தார். மறுபடியும் ஜன்னல்.

நான் கீபோர்டில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தேன். அதுவரை சரி. அப்புறம் என்ன செய்தேன் என்றால், என் ஆபீஸ் மூளையை வைத்து யோசித்தேன். எங்கள் ஆபீஸில் சத்தமாக டைப் அடிக்கிறவனைப் பார்த்து 'ஏன்டா மாவு இடிக்கற?' என்று சிரிப்பார்கள். சத்தமே வராத கீபோர்டுதான் உசத்தி. மேனேஜர் மேஜையில் அப்படி ஒன்று இருந்தது. நடுவில் பிளந்து, இரண்டு கைக்கும் தனித்தனியாகச் சரிந்து, பார்க்கவே பறக்கப்போகிற மாதிரி இருக்கும். மணிக்கட்டு வலிக்காதாம். வெளிநாட்டுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி அதே மாதிரி ஒன்று வரவழைத்தேன்.

அப்பா அதன்மேல் கையை வைத்தார். ஒரு பத்தி அடித்தார். நின்றார். ஆறாம் எண்ணை அவர் வலது கையால் அடிப்பவர், அதில் அது இடது பாதியோடு போயிருந்தது. வலது விரல் போய்ப் போய் வெறும் இடத்தைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் அடித்தார். பஞ்சைத் தொடுவது போல இருந்தது, காதுக்கு ஒன்றுமே எட்டவில்லை. கடைசியில் ஒரு வரி அடித்துவிட்டு எழுந்து போனார். 'நல்லாருக்கு. நீயே வெச்சுக்கோ.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினேன் தெரியுமா? யாருக்கும் நல்லது செய்யக் கூடாது இந்த வீட்ல!" என்று கத்தினேன். திருப்பிக் கத்த அப்பாவுக்குக் குரல் இல்லை என்பது பாதியில் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

"எதுக்குடீ கத்தற?" என்றாள் அம்மா. "அதுல சத்தமே வரமாட்டேங்குதே."

"சத்தம் வராததுதாம்மா நல்ல கீபோர்டு."

"உனக்கு நல்லது. எனக்கு?"

எனக்கு அப்போது அந்தக் கேள்வி புரியவில்லை. அம்மாவுக்கும் அதைச் சரியாக விளக்கத் தெரியவில்லை. ஆனால் அவள் அந்த எண்ணத்தை விடவில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது. பென்ஷன் விஷயமாக அப்பாவை பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு அடிக்கிது. டக் டக் டக்குனு. பழைய மெஷினு, அழுக்கா இருக்குது. உங்கப்பா வேலை முடிஞ்சும் நகரல. தூண்ல சாஞ்சுனு அந்தச் சத்தத்தயே கேட்டுனு நிக்கிறாரு. கண்ண மூடினு. நான் அவர் மூஞ்சியப் பாத்தேன்டீ. ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பிடி ஒரு மூஞ்சிய நான் பாக்கல. அது மாதிரி ஒண்ணு வாங்கிக் குடு. அழுக்கா இருந்தாலும் பரவால்ல."

அந்தப் பழைய கீபோர்டுகளை எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஆபீஸிலும் இருந்தன. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்பிரிங் வைத்த மெக்கானிக்கல் வகை. செங்கல் கனம் கனக்கும். விசையைப் பாதி அழுத்தும்போதே ஒரு சொடக்கு விரலுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். புதிது வந்ததும் அவற்றையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். அந்த மாதிரி மூட்டைகள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் சிவாஜிநகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் பஸ் ஏறினோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது கடை. ஒரு பக்கம் துணிக்கடை, இன்னொரு பக்கம் தகரப் பெட்டி செய்கிற கடை. தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம் காதைப் பிளந்தது. கடைக்குள் செங்கல் அடுக்கியது போலக் கீபோர்டுகள், தலைகீழாக மானிட்டர்கள், பாம்புச் சட்டை மாதிரி வயர்கள். நடுவில் கடைக்கார பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆவோ, வாங்க சார், வாங்கம்மா. கீபோர்டா? எவ்ளோ வேணும்? இது பாருங்க, நல்ல மால். சத்தமே வராது."

"சத்தம் வராதத வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள் அம்மா. "நல்லாச் சத்தம் வர்றதாக் குடுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் அடுக்கில் அடியிலிருந்த பழைய வகையைக் காட்டினேன்.

"அரே, அதா? அத யாரும் கேக்கறதில்லியே. தூக்கி அடிச்சா மண்டை உடையும் அதுல" என்று சொல்லிக்கொண்டே அவர் ஐந்தாறை உருவி எடுத்தார். துணியால் தூசி தட்டினார். கடையின் மூலையில் சோதித்துப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றை மாட்டி, ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்தார்.

முதலாவதில் ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அடித்தால் சத்தம் வந்தது, ஆனால் செத்த சத்தம். அப்பா உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதில் கையை வைத்தபோது அவர் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பத்தியை நிறுத்தாமல் அடித்தார். திரையைப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. ஏதோ ஒரு காலத்து அரசாங்க இங்கிலீஷ் சர்க்குலர் அது. 'மேற்படி விஷயமாகத் தங்கள் மேலான கவனத்துக்கு' என்கிற ரகம். விரல்களுக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்திருக்கிறது.

"இதுதான்ப்பா?" என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"இருங்க இருங்க. நீங்க சொன்னாப் போதுமா?" என்றாள் அம்மா. "நான் போய் நின்னு பாக்கறேன்."

எங்கே போகிறாள் என்று பார்த்தால், கடையை விட்டு இறங்கி, துணிக்கடையைத் தாண்டி, எங்கள் முன்னறைக்கும் சமையலறைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் உத்தேசமாக நடந்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் இடித்துக்கொண்டு போனார்கள். "அடிக்கச் சொல்லு!" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

அப்பா அடித்தார். அம்மா கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கேட்கவில்லை. தகரக் கடைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

பாய் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா இது? எல்லாரும் சத்தம் வேணாம்னுதான் கேப்பாங்க. அவுங்க ஏன் அங்க போய் நிக்கிறாங்க?"

"எங்க அப்பாவால பேச முடியாதுங்க" என்றேன். "அவர் பேசுறது அம்மாவுக்குச் சமையல் ரூம்ல கேக்கணும்."

சொன்னபிறகுதான் எனக்கே புரிந்தது. அம்மா இத்தனை நாளாக என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அந்தச் சந்தில், அந்தக் கூட்டத்தில் புரிந்தது.

பாய் அப்பாவின் கழுத்துத் துணியைப் பார்த்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போய்த் தகரக் கடைக்காரரிடம், "பையா, தோடா ருக்கோ. ஒரு நிமிஷம், அடிக்காத" என்றார். சுத்தியல் நின்றது. துணிக்கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவையும் அணைக்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு ஹாரன்களை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "அடிங்க சார்" என்றார்.

அப்பா அடித்தார். அங்கே முதுகைக் காட்டி நின்றிருந்த அம்மாவின் கை மெதுவாக மேலே போனது. அப்பா நிறுத்தினார், கை இறங்கியது. அடித்தார், கை ஏறியது. தகரக் கடைக்காரர் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடியே வேடிக்கை பார்த்தார். அம்மா திரும்பி வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "இதயே கட்டச் சொல்லு" என்றாள்.

அதன் ப்ளக் பழைய காலத்து உருண்டைப் ப்ளக், எங்கள் கம்ப்யூட்டரில் சேராது. இடையில் போட ஒரு சின்ன சாக்கெட்டைப் பாய் தேடியெடுத்துக் கையில் வைத்தார். அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே வீடு திரும்பி மாட்டினோம். டக் டக் டக். அந்தச் சத்தம் முன்னறையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு வாசலாகத் தாண்டி, சமையலறைக்குள் போனது. "தோ வந்துட்டேன்!" என்று அம்மா ஓடி வந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடுத்த நிமிடம் சண்டை ஆரம்பித்தது. எனக்குப் பாயசம் வைத்துக் குடிக்கலாம் போல இருந்தது.

வீடு மறுபடியும் அமளிதுமளியானது. காலையில் காபி நேரத்துக்குத் தொடங்கும். கோபம் வந்தால் எல்லாம் பெரிய எழுத்து, அடியும் பலமாக விழும். பழைய சிநேகிதருக்கு மெயில் அடிக்கும்போது மழைத் தூறல் போலச் சீராகப் போகும். மாடியில் குடியிருந்த கன்னடக்காரர் ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில், "என்ன மேடம், கீழ டைப்பிங் இன்ஸ்டிட்யூட் ஓபன் மாடிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், சேர்றீங்களா?" என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

நாளாக நாளாக அம்மா ஓடி வருவது குறைந்தது. சத்தத்தை வைத்தே, இருந்த இடத்திலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திரையைப் பார்த்தால் பாதிக்குப் பாதி தப்பு. அவர் 'என் கண்ணாடி எங்கே?' என்று அடிப்பார். "இப்பத்தானே காபி குடிச்சீங்க, மறுபடியும் என்ன?" என்று பதில் வரும். அவர் அதையே இன்னும் பலமாக அடிப்பார். "சரி சரி, போட்டுத் தொலைக்கிறேன்!" என்று காபி வரும். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அந்தக் காபியைக் குடிப்பார். கண்ணாடி அவர் தலைமேலேயே இருக்கும்.

"அம்மா, நீ வந்து படிச்சாத்தானே என்னன்னு தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவர் என்ன புதுசாச் சொல்லப் போறாரு?" என்றாள். "எல்லாம் எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு."

புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கிறவளுக்கு இது பொறுக்குமா? அடித்தது ஒன்று, பதில் இன்னொன்று என்றால் அந்தப் பேச்சுக்கு என்ன பேர் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அதெல்லாம் அந்த மழைக்காலம் வரைதான்.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது கரன்ட் இல்லை. தெரு முழுக்க இருட்டு. யாரோ வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம், 'எப்பப் போச்சு?' என்று கேட்க, 'அரைமணி ஆச்சு' என்று பதில் வந்தது. தூறிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்து உள்ளே போனேன். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தபோது சத்தம் கேட்டது.

டக் டக் டக்.

கரன்ட் இல்லாமல் எப்படி என்று முதலில் விளங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. அதன் முன்னால் அப்பா, முதுகு நேராக, முழங்கை உடம்போடு, இருட்டில் அடித்துக்கொண்டிருந்தார். கோபச் சத்தம் இல்லை அது. மெயில் அடிக்கிற சத்தமும் இல்லை. நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு வந்தது. நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு எழுத்துகூட எங்கேயும் விழவில்லை, விழாது என்று அவருக்கும் தெரியும். செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

சத்தம் நின்றது. சமையலறையில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அம்மா எதையோ கிளறிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தமும் நின்றது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று அங்கிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் என்னைக்காச்சும் குறை சொல்லியிருக்கேனா? நல்லாத்தான் வெச்சுனு இருந்தீங்க. இப்பவும் நல்லாத்தான் இருக்கேன்."

அப்பா கையை விசைகள்மேல் வைத்தபடியே இருந்தார். பிறகு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார். வேகமாக, பலமாக, மேஜையே அதிரும்படி அடித்தார்.

"கத்தாதீங்க" என்றாள் அம்மா. "கேக்குது."